வராந்தாவில் நின்றவர்கள்

தமிழாசிரியராக 32 ஆண்டுகள் பணியாற்றி 2009-இல் ஓய்வு பெற்றவன் நான். அந்த 32 ஆண்டுகளில் எத்தனை மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தினேன் என்பதற்குக் கணக்கு இல்லை. தேர்ச்சி விகிதத்துக்குக் கணக்கு உண்டு. நூறு விழுக்காடு எடுத்த ஆண்டுகளுக்குச் சான்றிதழ் உண்டு. வராந்தாவில் நின்றவர்களுக்கு யாரும் பதிவேடு வைப்பதில்லை.

எங்கள் பள்ளி வராந்தாவை ஒட்டி ஒரு வேப்பமரம் நின்றது. 1986 என்று நினைவு, எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அந்த ஆண்டு வகுப்புக்குள் இருந்த நேரத்தைவிட அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அதிகம். ஓரிடத்தில் உட்கார மாட்டான். காலை ஆட்டுவான். பெஞ்சின் ஆணியைப் பிடுங்குவான். நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைச் சொல்லிவிடுவான். அந்தப் பதில் பாதி நேரம் சரியாக இருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் ஊட்டியது. ஆகுபெயரை நடத்திக்கொண்டிருக்கையில், மழை வருகிறது என்று எழுந்து ஜன்னலுக்கு ஓடுவான். "வாலைச் சுருட்டி வச்சுக்கிட்டு உக்காரு" என்பது நான் அவனிடம் அதிகம் பேசிய வாக்கியமாக இருக்கலாம். அடித்தும் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் தவறினான், பள்ளியை விட்டான். அதன்பின் அவனை நான் நினைக்கவே இல்லை. ஓர் ஆசிரியனுக்கு அது வெகு எளிது. ஜூன் மாதம் பிறந்தால் புதிய முகங்கள் வந்துவிடும்.

2020 ஜூலையில், ஊரடங்கின் நடுவே, இ-பாஸ் வாங்கிக்கொண்டு மகள் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கினாள். கூடவே எட்டு வயதுப் பேரன். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. மகளுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை. பையனுக்குக் கைப்பேசியில் பள்ளிக்கூடம். கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்கள் ஓராண்டுக்கு மேல் இருந்தார்கள்.

கைப்பேசிப் பள்ளிக்கூடத்தை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாற்பது தலைகள் சின்னச் சின்னக் கட்டங்களில். நடுவில் ஓர் ஆசிரியை, பாவம், தன் வீட்டுச் சமையலறைச் சுவரைப் பின்னணியாக வைத்துக்கொண்டு, "எல்லாரும் மைக்கை அணைங்க" என்று நிமிடத்துக்கு ஒருமுறை மன்றாடிக்கொண்டிருந்தார். பேரன் முதல் ஐந்து நிமிடம் இருந்தான். பிறகு நாற்காலிக்கு அடியில் இருந்தான். பிறகு மொட்டை மாடியில் இருந்தான். கைப்பேசி மட்டும் ஒழுங்காக வகுப்பில் உட்கார்ந்திருந்தது. மகள் அடுத்த அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருப்பாள். ஆக, பையனைப் பிடித்து உட்காரவைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்குத்தான் 32 ஆண்டு அனுபவம் இருக்கிறதே!

செப்டம்பரில் ஒருநாள் அடித்துவிட்டேன். அரைப் பக்கம் தமிழ் எழுத வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் ஆகியும் இரண்டு வரி தாண்டவில்லை. பென்சிலைச் சீவினான், தண்ணீர் குடித்தான், பல்லியைப் பார்த்தான், மீண்டும் பென்சிலைச் சீவினான். கை தன்னால் நீண்டது. அவன் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு செய்தியைத் தெரிவிப்பவனைப்போல, "நான் வேணும்னு பண்ணல தாத்தா. உக்காரணும்னுதான் நினைக்கிறேன்" என்றான்.

அன்றிரவு மகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "அப்பா, ஒரு வருசமா உங்ககிட்ட சொல்லாம இருக்கேன்" என்று தொடங்கினாள். 2019-இல் சென்னையில் ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்லியிருக்கிறார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீங்க வாத்தியார்ப்பா" என்றாள். அதற்குமேல் அவள் விளக்கவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை.

அந்த எழுத்துகளின் விரிவைத் தமிழில் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்று எழுதுகிறார்கள். பெயரே பாதிக் குழப்பம் என்பது என் எண்ணம். கவனம் குறைவாக இருக்கிறது என்பதைவிட, கவனம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பதே பொருந்தும். பிடித்த ஒன்றில் இரண்டு மணி நேரம் மூழ்கிக் கிடக்கும் பிள்ளை பிடிக்காத ஒன்றில் இரண்டு நிமிடம் நிற்க மாட்டான். பார்ப்பவருக்கு அது திமிராகத் தெரியும். "அதுக்கு மட்டும் கவனம் வருதோ?" என்று கேட்போம். நானே கேட்டிருக்கிறேன். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது இது: இப்பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது என்னவென்று தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் தடை, காலத்தை உணரும் புலனே அவர்களுக்கு மங்கல். 'இப்போது' ஒன்று, 'இப்போது அல்லாதது' மற்றொன்று, இரண்டே காலங்கள். தமிழாசிரியனாகிய நான் முக்காலமும் நடத்திக்கொண்டிருந்தேன்.

இது புதுமோஸ்தர் நோய் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். அப்படியில்லை. ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் தன் மகனுக்காக எழுதி 1840-களில் வெளியிட்ட படப் புத்தகத்திலேயே, சாப்பாட்டு மேசையில் நெளிந்து நெளிந்து மேசைவிரிப்போடு எல்லாவற்றையும் கவிழ்க்கும் ஃபிலிப் என்ற பையன் வருகிறான். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, அறிவுக் குறைவில்லாமலே ஒழுக்கக் கட்டுப்பாடு குறைந்தவர்கள் என்றார். ஒழுக்கம்! மருத்துவரே அப்படிச் சொன்ன பிறகு வாத்தியார்கள் பிரம்பை எடுத்ததில் வியப்பில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் கவனக்குறைவு என்ற பெயர் வந்தது 1980-இல். இன்றைய நீண்ட பெயர் 1987-இல். அதாவது, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு என் மாணவன் நின்றபோது இந்த நோய்க்கு இப்பெயர் இல்லை. எனக்கு அதில் ஓர் ஆறுதல் கிடைக்கிறதா என்று பார்த்தேன், பெரிதாகக் கிடைக்கவில்லை.

மரபுவழியின் பங்கு இதில் மிக அதிகம், இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி ஏறத்தாழ முக்கால் பங்கு என்று படித்து வீட்டில் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாருக்காவது இருந்திருக்குமோ என்று மெல்ல இழுத்தேன். மனைவி முறத்திலிருந்து தலை நிமிராமல், "நீங்க ஒரு டம்ளர் காப்பிய ஒரே எடத்துல உக்காந்து குடிச்சு நான் பாத்ததில்ல" என்றாள். 32 ஆண்டுகளும் வகுப்பில் நடந்துகொண்டே பாடம் நடத்தியவன் நான். நடக்க எனக்கு இடம் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு இல்லை.

அடித்த கையைக்கொண்டு வேறு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. மகளுடைய பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. எனக்குத் தமிழில் தட்டச்சு செய்யத் தெரியும், மின்னூல்களைத் தேடிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். பேரனுக்கு உதவக்கூடியது இணையத்தில் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் காணொளிகள். சல்மான் கான் என்பவர் 2004-இல் தொலைவிலிருந்த தன் உறவுக்காரச் சிறுமி நாதியாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, பிறகு அப்பாடங்களைக் காணொளிகளாக இணையத்தில் ஏற்றியதிலிருந்து வளர்ந்தது கான் அகாடமி. நேரில் பேசும் அவரைவிடக் காணொளியில் வரும் அவரே மேல் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னார்களாம். முதலில் இதைப் படித்தபோது சிரித்தேன். பிறகு புரிந்தது. காணொளி ஆசிரியரை நிறுத்திவைக்கலாம், பின்னால் இழுக்கலாம், நான்காம் முறை கேட்டாலும் அவர் முகம் சுளிப்பதில்லை. என் வகுப்பில் நான்காம் முறை கேட்டவன் கதி என்னவாயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பேரன் பின்னங்களை அப்படித்தான் கற்றான், ஒரு பாட்டத்தை ஏழெட்டுத் துண்டுகளாக்கி, இடையிடையே மாடிப்படியில் ஏறி இறங்கி.

ஆனால் காணொளிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடும். பின்னத்தில் தொடங்கியவன் ஒரு மணி நேரம் கழித்து, ராட்சத இயந்திரங்கள் கார்களை நொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நிறுத்தச் சொன்னால் வீடே கிடுகிடுக்கும். ஒருமுறை சுட்டியைத் தூக்கி எறிந்து உடைத்தான். கவனத்தைச் சொன்னபடி திருப்ப முடியாத பிள்ளையின் முன்னால், கவனத்தைப் பிடித்துவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம் என்று மகள் சொன்னாள். அதன்பின் இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். தானாக ஓடுவதை அணைத்தோம். திரையின் ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம் சிறுத்துக்கொண்டே வரும் கடிகாரத்தை வைத்தோம். 'இன்னும் பத்து நிமிடம்' என்ற என் சொல் அவனுக்கு எதையும் உணர்த்தவில்லை. வட்டம் கால்வாசி ஆனதும் அவனே, "தாத்தா, போகப்போகுது" என்பான். காலம் அவனுக்குக் கண்ணில் தெரிய வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 8 முதல் 12 வயதுவரையுள்ள இத்தகைய பிள்ளைகளுக்கென்று ஒரு கணினி விளையாட்டையே மருத்துவர் சீட்டில் எழுதித்தர அனுமதித்தது என்ற செய்தியை மகள் காட்டினாள். நாளுக்கு 25 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், 4 வாரம் ஆடினால் கவனச் சோதனைகளில் முன்னேற்றம் தெரிகிறதாம். சோதனையில் முன்னேறினால் வீட்டுப்பாடத்தில் முன்னேறுமா என்று கேட்டேன். அது வேறு கேள்வி என்றாள். எங்களுக்கு எட்டாத பொருள் என்பதால் அத்தோடு விட்டோம்.

பிறகு ஒருநாள் 'ஃபெட்' என்ற தளம் கிடைத்தது. இயற்பியலில் 2001-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது; பைசா செலவில்லை. அதில் மின்சுற்று கட்டும் பகுதி ஒன்று உண்டு. பேட்டரி, கம்பி, விளக்கு எல்லாவற்றையும் இழுத்து இழுத்து இணைக்கலாம். பேரன் இணைத்தான். விளக்கு எரிந்தது. 'ம்' என்றான். பிறகு விளக்கை நீக்கிவிட்டுக் கம்பியை நேராக பேட்டரியின் இருமுனைக்கும் கொடுத்தான். திரையில் பேட்டரி தீப்பிடித்தது! அவன் போட்ட கூச்சலில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "கம்ப்யூட்டர வெளித்திண்ணையில கொண்டுபோய் வச்சு வெளையாடச் சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கு மட்டும் நாற்பது தடவையாவது தீ வைத்திருப்பான். எதிரில் ஒரு விளக்கை வைத்தால் தீ இல்லை, கம்பி மட்டும் இருந்தால் தீ; கம்பியின் தடையைக் கூட்டினால் தீ அணைகிறது. யாரும் அவனுக்கு ஓமின் விதியைச் சொல்லவில்லை. கொளுத்திக் கொளுத்தியே அதன் வாசல்வரை போய்விட்டான். காணொளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அப்போது பார்த்தேன். காணொளி அவன்மீது பொழிகிறது. இதில் அவன் ஏதாவது செய்தால்தான் ஏதாவது நடக்கும். செய்த உடனே நடக்கும். அந்த 'உடனே'தான் முக்கியம். ஆண்டுத் தேர்வில் மதிப்பெண் என்பது அவனைப் பொறுத்தவரை 'இப்போது அல்லாதது'.

ஆயினும் மூன்று வாரத்தில் சலித்தான். இதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். எந்தப் புதுமையும் மூன்று வாரம்தான். நான் ஒவ்வொரு முறையும், கிடைத்துவிட்டது மருந்து என்று குதிப்பேன். ஒவ்வொரு முறையும் ஏமாறுவேன்.

பறவைகள் மட்டும் தங்கின. அது நான் திட்டமிட்டதன்று. மாடிக்கு ஓடியவன் ஒருநாள் கீழே வந்து, "ஊப் ஊப்னு ஒண்ணு கத்துது, என்ன அது?" என்றான். செம்போத்து என்றேன். எப்படி இருக்கும் என்றான். 'செம்போத்து ஒரு பறவை' என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். சங்க இலக்கியத்துப் பறவைகளை 32 ஆண்டுகள் நடத்தியவன். அன்றிலையும் குருகையும் கருத்துரையோடு எழுதிப்போட்டவன். கண்ணால் கண்டது காக்கை, மைனா, புறா.

சேனோ-கான்டோ என்றொரு தளம், நெதர்லாந்தில் 2005-இல் தொடங்கப்பட்டது. உலகெங்குமிருந்து மனிதர்கள் பதிவுசெய்த பறவைக் குரல்கள் அதில் குவிந்துகிடக்கின்றன. ஒவ்வொரு குரலோடும் ஒரு வரைபடம் இருக்கிறது. ஒலி ஏறுவதும் இறங்குவதும் கோடுகளாகத் தெரியும். செம்போத்தின் குரல் தாழ்வான சிறு மேடுகளாக வரிசையில் வந்தது. பேரன் அதை விரலால் தடவிக்கொண்டே கேட்டான். பிறகு குயில்: படிப்படியாக ஏறும் கோடு. கூவுவது ஆண் குயில்தான் என்று அவன் எனக்குச் சொன்னான். குயிலைப் பெண்ணாகவே எண்ணிக் கவிதை நடத்திவந்த எனக்கு அது சற்றுச் சங்கடமாக இருந்தது.

இந்தப் படிப்புக்கு உட்கார வேண்டியதில்லை என்பது முதல் வசதி. குரலைக் கேட்பான், மாடிக்கு ஓடுவான், மரத்தில் தேடுவான், திரும்ப ஓடிவந்து ஒப்பிடுவான். ஓட்டமே பாடத்தின் பகுதி. இரண்டாவது, பறவை ஒவ்வொரு நாளும் வேறு ஏதாவது செய்தது. சலிப்பதற்கு அவகாசம் தரவில்லை. பெயர்களை வாசிக்க ஆங்கிலம் தேவைப்பட்டது, வாசித்தான். அரைப் பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் எடுத்தவன், மீன்கொத்தியைப் பற்றி ஐந்து வரி எழுதி, அதன் கீழே 'இதை நானே பார்த்தேன்' என்று அடிக்கோடு போட்டான்.

2021 தைப்பொங்கலை ஒட்டி வீட்டில் பனங்கிழங்கு அவித்திருந்தார்கள். மனைவி நடுவில் கீறிப் பிளந்து நாரெடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சத்திமுற்றப் புலவர் நினைவுக்கு வந்தார். வறுமையும் வாடையும் வாட்ட மதுரையில் ஒதுங்கிக் கிடந்த புலவர், வானில் போகும் நாரையைக் கூப்பிட்டு ஊரிலிருக்கும் மனைவிக்குத் தூது சொன்ன பாட்டு. நாரையின் அலகுக்கு அவர் சொன்ன உவமை, பிளந்த பனங்கிழங்கு. பேரனைக் கூப்பிட்டுக் கிழங்கைக் காட்டி, பாட்டைச் சொன்னேன். கிழங்கின் இரு பிளவையும் மூக்கில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பறந்தான். சரிதான், விளையாட்டாகப் போயிற்று என்று நினைத்தேன். பறந்துகொண்டே கேட்டான்: "தாத்தா, பவளம் என்ன கலர்?"

"சிவப்பு."

"காலும் சிவப்பா?"

"செங்கால்னா சிவந்த கால்தான்யா."

"அப்ப நயினார்குளத்துல இருக்கிற நாரை இல்ல. அதுக்கு மூக்கு மஞ்சள்."

நயினார்குளம் திருநெல்வேலி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் வரும் மஞ்சள்மூக்கு நாரையை அவன் முந்தின வாரம் பார்த்திருந்தான். மடிக்கணினியைத் திறந்தோம். ஒருமணி நேரம், அவன் எழுந்திருக்கவில்லை என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன், நாரைகளாகப் பார்த்தோம். வெள்ளை நாரை என்ற ஒன்று வந்தது: சிவந்த கால், சிவந்த நீண்ட கூரிய அலகு. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டும். குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும். கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் நடத்தும் இ-பேர்டு தளத்தில் அதைக் கண்டவர்கள் பதிந்த குறிப்புகள் நிலப்படத்தில் புள்ளிகளாக இருந்தன. புலவர் தம் பாட்டில் நாரையைக் குமரித்துறையில் நீராடிவிட்டு வடக்கே திரும்பச் சொல்கிறார். வலசை வந்த பறவை திரும்பும் திசை வடக்குதான். அந்தப் பாட்டை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அது எந்தப் பறவை என்று என்னை யாரும் கேட்டதில்லை. ஒருவேளை கேட்டிருக்கக் கூடியவன் வராந்தாவில் நின்றிருப்பான்.

பிப்ரவரி மாதத்தில் உலகம் முழுவதும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அவ்வாண்டு 12 முதல் 15-ஆம் தேதிவரை. விதி எளிது: ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்டில் பதிய வேண்டும். 15 நிமிடம்! அந்த எண்ணைப் பார்த்து மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விடியற்காலை நயினார்குளக் கரைக்குப் போனோம். தொடங்கிய நேரத்தை அவனே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கூட்டமாக இருக்கும் நீர்க்காகங்களை எண்ண முடியாமல் தவித்தான். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அப்படி எத்தனை பத்து என்று கணக்கிடும் முறையைத் தளத்தில் படித்திருந்தோம். வாய்ப்பாடு என்றால் காத தூரம் ஓடுபவன், "பதினாலு பத்து, நூத்தி நாப்பது" என்று எழுதினான். முடிந்த நேரத்தைக் குறிக்கும்போது பார்த்தால் 45 நிமிடம் ஆகியிருந்தது.

நாரைகள் தொலைவில் நின்றன. எல்லாம் மஞ்சள்மூக்கு. எனக்கு ஓர் ஆசை. புலவரின் நாரை ஒன்றாவது இருந்திருக்கக் கூடாதா? "அந்தக் கடைசியில் நிக்குறது செங்கால் நாரை மாதிரி இல்ல? ஒண்ணுன்னு போட்டுக்கயேன்" என்றேன். பேரன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "பாக்காததை எழுதக் கூடாது தாத்தா" என்றான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இணையமும் பறவையும் இருந்தால் போதும், மாத்திரை எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அப்படி நினைத்து மகளோடு ஓராண்டு சண்டை போட்டவன். எட்டு வயதுப் பிள்ளைக்கு மனநல மாத்திரையா என்று கத்தியிருக்கிறேன். 2021 நவம்பரில் பள்ளிகள் திறந்து அவர்கள் சென்னைக்குத் திரும்பினார்கள். இரண்டே மாதத்தில் பள்ளியிலிருந்து, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வகுப்பறையில் குளமும் இல்லை, மாடியும் இல்லை. மகள் என்னைக் கேட்காமல் மருத்துவர் முன்பே எழுதியிருந்த மெத்தில்ஃபெனிடேட்டைத் தொடங்கினாள். கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தே வேண்டும் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும். மதியத்தில் பசி குறைகிறது என்று மனைவிக்கு இன்றும் ஆற்றாமை. இரவில் சேர்த்துச் சாப்பிடுகிறான் என்று சமாதானம் செய்கிறோம். புதிய பள்ளியில் அவனை வகுப்புக்கு நடுவே ஒருமுறை கரும்பலகையைத் துடைக்கவும், ஒருமுறை குறிப்பேடுகளை ஆசிரியர் அறைக்கு எடுத்துப்போகவும் அனுப்புகிறார்களாம். எந்த வலைத்தளமும் சொல்லாத இந்த யோசனை எந்த ஆசிரியைக்குத் தோன்றியதோ, அவரை நான் வணங்குகிறேன்.

2022 மே மாத விடுமுறைக்கு வந்திருந்தான். கிணற்று மோட்டார் நின்றுபோயிற்று. பக்கத்துத் தெருக்காரர் யாரையோ அனுப்பிவைத்தார். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறாராம். வாசலில் செருப்பைக் கழற்றியவர் என்னைப் பார்த்துச் சட்டென்று வேட்டி மடிப்பை அவிழ்த்துவிட்டார்.

"சார், நல்லாருக்கியளா? என்னைத் தெரியுதா?"

தெரியவில்லை. பேசும்போது இடுப்பில் இருந்த ஸ்குரூடிரைவரை எடுத்து விரல்களுக்கிடையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். அப்போது தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவந்தேன்.

மோட்டாரைப் பிரித்து முற்றத்தில் பரப்பினார். பேரன் பக்கத்தில் குந்திக்கொண்டான். செப்புக் கம்பி எதற்கு இத்தனை சுற்று, இரண்டு கம்பி தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்குமா, பேட்டரியில் பிடிக்கும், நான் பார்த்திருக்கிறேன், என்று ஓயாமல் கேட்டான். ஒரு கேள்விக்குப் பதில் முடியும் முன்பே அடுத்தது. அவர் ஒருமுறைகூட, பொறு என்று சொல்லவில்லை. எரிந்துபோன கம்பியை அவன் கையில் கொடுத்து முகரச் சொன்னார். "கருகின வாடை வருதுல்லா? இது ஒண்ணோடொண்ணு உரசிட்டு" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் அப்படியே இருந்தார்கள். நான் தூணருகில் நின்றுகொண்டிருந்தேன்.

வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே, "பேரனா சார்?" என்றார்.

"ஆமா."

"என்னைய மாதிரியே இருக்கான்" என்று சிரித்தார்.

"ஆமாப்பா" என்றேன். "உன்னை நான் வெளியே நிறுத்தியிருக்கக் கூடாது."

அவர் ஸ்குரூடிரைவரைச் சுழற்றுவதை நிறுத்தினார். "அந்த வேம்பு இன்னும் நிக்குது சார்" என்றார். "போன வாரம்கூட அங்க மோட்டார் பாக்கப் போயிருந்தேன்."

கூலி வாங்க மறுத்துவிட்டார். பேரன் தெருமுனைவரை அவரோடு நடந்து போய்விட்டுத் திரும்பி ஓடிவந்தான். அந்த வேம்பில் என்னென்ன பறவை வரும் என்று அவரிடம் கேட்டானாம். அவர் ஏழு சொன்னாராம்.